வான் முன்சீட்டில் வரும் மாமாக்களுக்கு, திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாமா, பெரியப்பா, அண்ணா, மச்சான் எல்லோருக்கும்,

ஒவ்வொரு குடும்பத்திலும் உங்களைப் போல ஒருவர் இருப்பார். வான் பேசுவது அவர். தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்ப்பது அவர். பிள்ளைகளின் பழைய கொப்பியில் இடங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம் போட்டு, சாரதிக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி இருப்பவரும் அவர்தான். சிநேகிதர் கூட்டமாக வந்தாலும் அப்படி ஒருத்தன் இருக்கிறான். வயதுதான் குறைவு, கொப்பிக்குப் பதிலாகக் கையில் போன். இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். தைப்பொங்கல் லீவு, சித்திரை வருடப்பிறப்பு, ஆவணிப் பள்ளிக்கூட லீவு வந்தால் எங்கள் வீடு பாதிச் சத்திரம். யாழ்ப்பாணத்துச் சித்தி வீட்டார் போனால் கொழும்பு மாமா வருவார், அவர் போனால் மட்டக்களப்பில் இருந்து மகனின் சிநேகிதர்கள். வரவேண்டாம் என்று எழுதவில்லை. பாயும் தலையணையும் உண்டு, புட்டு அவிக்க நீத்துப்பெட்டியும் உண்டு. ஆனால் உங்கள் கொப்பிகளை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான்: கன்னியா, கோணேசர், இராவணன் வெட்டு, பத்திரகாளி அம்மன், நிலாவெளி. கொஞ்சம் துணிந்தவர்கள் புறாமலைத் தீவையும் சேர்த்திருப்பார்கள். கடைசி வரி எப்போதும் ‘இரவு புறப்படல்’.

அந்தப் பட்டியலில் ஒரு பிழையும் இல்லை. என் மனவருத்தம், அதில் எழுதாத இடங்களைப் பற்றியது. அவற்றில் அநேகமானவற்றைப் பார்க்க நீங்கள் அதிகம் சுற்றிப் போகத் தேவையில்லை. உங்கள் வான் அவற்றின் பக்கத்தால்தான் வருகிறது. நிற்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் கோட்டை வாசல். கடலோரப் பாறையின் மேலே இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் பிரட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும். வான் அந்த இடத்தில் மெதுவாகும், காவலில் நிற்கிற ஆமிக்காரர் எட்டிப் பார்ப்பார், கை காட்டுவார், வான் உள்ளே போய்விடும். உள்ளே போனதும் பிள்ளைகள் “மான்! மான்!” என்று கத்தத் தொடங்குவார்கள். வாசல் அதோடு முடிந்தது.

அடுத்த முறை வானை வெளியே நிறுத்தி எல்லோரையும் இறக்குங்கள். வாசல் நிலைக்கல்லில் இரண்டு கயல் மீன்கள் செதுக்கியிருப்பது தெரியும். கூடவே தமிழ் எழுத்துகள், தேய்ந்தும் சிதைந்தும். ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்குகிற பழைய வெண்பாவின் துண்டுகள் அவை. கல்லில் துண்டுதான் மிச்சம், முழுப்பாட்டு எங்கள் ஊர்க் கிழவர்களின் வாயில் இருந்தது. கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான், அவனுக்குப் பிறகு பூனைக்கண்ணனும் செங்கண்ணனும் புகைக்கண்ணனும் வருவார்கள் என்று அது சொல்லும். என் தலைமுறையில் பலருக்கு அதைப் பாட்டாகச் சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் அல்ல, வீட்டுக் கிழவர்கள்தான்.

அந்தக் கயல் பாண்டியரின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டில் வீரபாண்டியன் ஈழத்துக்குப் படையெடுத்து வந்து கோணமலையில் கயல் பொறித்ததைப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு பேசுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்வெட்டு சொல்கிற அதே கயலை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வாசல் கல்லில் விரலுக்கு எட்டும் தூரத்தில் பார்க்கலாம். இதற்கு ரிக்கெற் இல்லை, வரிசை இல்லை. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பிள்ளைகளுக்குக் கதை சொல்லவேண்டிய இடமும் இதுதான். 1622ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு அன்று, சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் போர்த்துக்கேயர் கோயிலுக்குள் புகுந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. பூசகர் வேடம் போட்டு வந்தார்கள் என்றும் சொல்வார்கள். வேடக்கதை எப்படியோ, கோயில் இடிபட்டது வரலாறு. இடித்த கல்லிலேயே கோட்டை எழும்பியது, மிச்சம் கடலுக்குள் போனது. 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782இல் ஒரே வருடத்துக்குள் முதலில் ஆங்கிலேயர், பிறகு சுஃப்ரேன் என்ற தளபதியின் கீழ் பிரெஞ்சுக்காரர் என்று திருகோணமலை இரண்டு தடவை கைமாறியது. 1795இல் ஆங்கிலேயர் நிலையாக வந்து சேர்ந்தார்கள். பிரட்ரிக் என்ற பெயர் 1803இல் அவர்கள் வைத்தது, தங்கள் அரசரின் மகனுக்காக. ஆக, நீங்கள் வானில் கடந்து போவது கோயிலுக்குப் போகிற வாசல் மட்டுமல்ல. பழைய கோயிலின் கற்களுக்கு ஊடாகத்தான் புதிய கோயிலுக்குப் போகிறீர்கள். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். மான் பார்ப்பதைக்கூடக் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கும்.

மானைப் பற்றி ஒரு வார்த்தை. பிஸ்கட் பைக்கற்றை உடைத்துக் கொடுத்துவிட்டு உறையைக் கீழே போடாதீர்கள். அவை பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. கொடுக்காமல் விட்டாலே நல்லது, கோட்டைக்குள் புல் இருக்கிறது.

மேலே கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பந்தர் பதிகம் பாடிய தலம் என்பது வானில் வருகிற எல்லோருக்கும் தெரியும். சிலருக்குப் பதிகமே மனப்பாடம். தெரியாமல் விடுவது நடுவில் உள்ள காலம். 1622க்குப் பிறகு முன்னூறு வருடத்துக்கு மேல் அந்தப் பாறையில் பழையபடி கோயில் இல்லை. வெறும் பாறைக்கும் கடலுக்கும்தான் எங்கள் ஆட்கள் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். 1950இல் கிணறு ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறைக்குக் கீழே கடலில் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1963இல் கும்பாபிஷேகம். இன்றைக்கு உங்கள் வானில் வருகிற அம்மம்மாவுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும். அவரிடம் கேளுங்கள். ஏதாவது ஞாபகம் இருந்தால் அதைவிடப் பெரிய வழிகாட்டி உங்களுக்கு இந்த ஊரில் கிடைக்காது.

பாறை உச்சியில் நிற்கும் தூணின் கதையையும் யாராவது சொல்வார்கள்: ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போனான், இவள் மேலிருந்து குதித்தாள். பிரான்சினா வான் ரீட் என்ற பெயரும் 1687 என்ற ஆண்டும் அந்தத் தூணில் இருப்பது உண்மை. குதித்தாள் என்பதுதான் உண்மையில்லை. அவர் பிறகு கலியாணம் செய்து வாழ்ந்ததை ஒல்லாந்தரின் பதிவுகள் காட்டுகின்றன. அந்தத் தூண் பழைய கோயிலுடையது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு அந்தக் காதல் கதையில் ஒருபோதும் இரக்கம் வந்ததில்லை, தூணில்தான் வந்தது.

இனி வழிகளுக்கு வருகிறேன். நீங்கள் எந்தத் திசையால் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாக்காரர்கள் ஹொரவப்பொத்தானை வழியாக வருகிறீர்கள். ஊருக்குள் வர முன்னமே கன்னியா. அதில் நிற்பீர்கள், நல்லது. ஏழு கிணறு, ஏழு விதமான சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கலாம், சவர்க்காரம் போடக்கூடாது. இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்ற கதையையும் சொல்வீர்கள். எங்களுக்குக் கன்னியா சுற்றுலா இடம் மட்டுமல்ல. வீட்டில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிற இடமும் அதுதான். பக்கத்துக் கிணற்றில் மொட்டை போட்ட ஒருவர் பேசாமல் நீர் ஊற்றிக்கொண்டு நிற்கக் கண்டால் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

ஆனால் கன்னியாவோடு திரும்பி விடுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறாத குறை. அங்கிருந்து அதிகம் தூரமில்லாமல், பெரியகுளம் பக்கம், காட்டுக்குள் இருக்கிறது வெல்கம் விகாரை. எங்கள் ஆட்கள் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. புத்த விகாரை, பெயர் சோழ மன்னனுடையது, கல்வெட்டுகள் தமிழில். நந்தா விளக்கு எரிக்கக் கொடுத்தது, பசுக்கள் கொடுத்தது, காசு கொடுத்தது என்று சாதாரணக் கொடைகளைத்தான் அவை பேசுகின்றன. பொலன்னறுவையிலும் அனுராதபுரத்திலும் பார்த்த விகாரைகளைப் போல இல்லாமல், இங்கே புத்தர் சிலை வைத்த படிமையகத்தின் அடித்தளம் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றின் அடித்தளத்தைப் போல வரிவரியாக இருக்கும்.

இந்த இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தமிழர், சிங்களவர் இரண்டு பக்கத்திலும் ஒரு தயக்கம் வருவது எனக்குத் தெரியும். தமிழர் புத்தரைக் கும்பிட்டார்களா என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரே முகம் சுளித்திருக்கிறார். கும்பிட்டார்கள். கல்லில் எழுதியும் வைத்தார்கள். இந்த ஊரின் பழைய இடங்களைப் பற்றி இன்றைக்கு நடக்கிற இழுபறி எல்லாம் உங்களுக்கும் பத்திரிகையில் தெரியும். அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் பேசுவதாக இருந்தாலும், முதலில் போய் அந்தத் தமிழ் எழுத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உங்கள் பிள்ளை தன் மொழியை அந்த இடத்தில் ஒருதரம் கண்டால், பிறகு யார் என்ன சொன்னாலும் தானே யோசித்துக்கொள்ளும். தோளும் முழங்காலும் மறைத்து உடுத்துப் போங்கள், செருப்பை வெளியே விடுங்கள். அது இன்றும் வழிபாட்டு இடம்.

கொழும்பு, கண்டிக்காரர்கள் ஹபரணை, கந்தளாய் வழியாக வருகிறீர்கள். கந்தளாய்க் குளத்தைக் கண்டதும் சிலர் நிறுத்திப் படம் எடுப்பதுண்டு. அதன்பிறகு நேரே ஊருக்குத்தான். நடுவில் தம்பலகாமத்துக்குத் திரும்புகிற சந்தியைக் கடக்கும்போது வானில் பாதிப்பேர் நித்திரை. அங்கே, வயலுக்கு நடுவில் ஆதிகோணநாயகர் கோயில். பாறையில் கோயில் இடிபட்ட பிறகு, காப்பாற்றிய திருமேனிகளை ஒளித்து வைத்திருந்து பின்னர் கோயில் எடுத்துக் குடிவைத்த இடம் தம்பலகாமம். பாறையில் இடமில்லாமல் போன காலத்தில் கோணேசர் இருந்த ஊர் அது. கோணேசர் கோயிலுக்கு மட்டும் போய்த் திரும்புகிறவர்கள் பாதிக் கதையோடுதான் திரும்புகிறார்கள் என்பேன். கடற்காற்றும் கூட்டமும் அங்கே இல்லை. வயல், கோபுரம், மணிச்சத்தம். வயதானவர்களுக்கு மலையேற்றம் ஒன்றும் இல்லை என்பது இன்னொரு வசதி. கால் வருத்தத்தோடு கோணேசர் பாதையில் பாதி வழியில் குந்தியிருக்கிற பெரியம்மாக்களைக் கண்டு சொல்கிறேன்.

மட்டக்களப்புப் பக்கத்தவர்கள் வெருகல், மூதூர், கிண்ணியா என்று வருகிறீர்கள். வாகனத்தைப் பாதைப் படகில் ஏற்றி இறக்கி ஆறு கடந்து வந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயணம் சுருங்கிவிட்டது. சுருங்கிய நேரத்தை என்ன செய்தீர்கள்? மூதூரில் ஒரு மரத்தடியில் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் மரம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். பாய்மரம் முறிந்த ஒரு ஆங்கிலேயக் கப்பல் கொட்டியாரக் குடாவில் வந்து நின்றது. 1660இல் கரைக்கு வந்த கப்பல் தலைவனையும் மகனையும் இன்னும் பலரையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா சிறையிருப்பிலேயே காய்ச்சலில் செத்தார். மகன் றொபேட் நொக்ஸ் 1679இல்தான் தப்பினான். வெளிநாட்டவருக்கு அது சாகசக் கதை. எனக்கு, தகப்பனும் பிள்ளையுமாக வெளிக்கிட்டு வந்த ஒரு பயணம் எங்கள் கரையில் இப்படி முடிந்ததே என்றுதான் வரும். வானுக்குள் தகப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு போனில் இருந்தால், இறக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல ஏற்ற மரத்தடி அது.

நிலாவெளிக்குப் போகிற எல்லோரும், எந்தத் திசையால் வந்தவர்களானாலும், எங்கள் வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். எங்கள் வீட்டை விடுங்கள். நிலாவெளி வீதியில், உப்புவெளியில், இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. பச்சைப் புல்லும் வரிசைக் கற்களும் வானில் இருந்தே தெரியும். கல்லில் பெயர் இருக்கும், வயதும் இருக்கும். இருபது, இருபத்தொன்று. கடலுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற உங்கள் பெடியன்களின் வயதுதான். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டார்கள். சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் விமானம் ஒன்று விழுந்து நாட்கணக்காக எரிந்தது. தாங்கிகளுக்குள் நினைத்தபடி போக விடமாட்டார்கள். மயானத்துக்குள் போகலாம்.

இன்னும் நேரம் உள்ளவர்கள் வடக்கே திரியாய்க்குப் போங்கள். குச்சவெளியைத் தாண்டிப் போகிற வழியே அழகு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. குன்றின்மேல் வட்டமாகக் கல்தூண்கள் சூழ்ந்த பழைய தாதுகோபம். பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று பாறையில் இருக்கிறது, வணிகர்களைப் பற்றிச் சொல்கிறது. ஏறும்போது தண்ணீர்ப் போத்தல் அவசியம். சிறுபிள்ளைகளோடு வெயில் ஏறமுன் ஏறி இறங்கிவிடுங்கள்.

இத்தனையையும் ஒரு நாளில் செய்ய முடியாது என்று கொப்பியைப் பார்த்துச் சொல்வீர்கள். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். ஒரு நாளில் வராதீர்கள். அறைக் காசு மிச்சம் பிடிக்க இரவோடு இரவாகத் திரும்புகிறீர்கள். விடியப்புறம் ஒரு மணிக்கு எழும்பி வான் ஓட்டி வந்த அதே சாரதிதான் நீங்கள் கடலில் நின்ற நேரம் முழுக்க வானுக்குக் காவல் இருந்துவிட்டு, இரவு திரும்பவும் ஓட்டுகிறார். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதிக்கு வருகிற நேரம் அது. ஒரு இரவு தங்குங்கள். மடம் இருக்கிறது, சிறிய விடுதிகள் இருக்கின்றன, என்னைப் போன்ற சொந்தக்காரர் இருக்கிறோம். சாரதிக்கும் படுக்க ஒரு கட்டில் கேட்டு வாங்குங்கள்.

தங்கினால் நாள் தானாகவே சரியாக அமையும். முதல் நாள் வழியில் உள்ளவை, பின்னேரம் வெயில் தாழ்ந்து கோணேசர். மத்தியானத்தில் அந்த வீதியில் வெறுங்காலோடு நடக்கவிட்டுப் பிள்ளை அழுதால் பிள்ளையை ஏசக்கூடாது. அடுத்தநாள் காலையில் கடல். நிலாவெளிக் கடலும் புறாமலைப் படகும் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைக்கும்தான் நம்பிக்கை. மார்கழி, தையில் கடல் வேறு முகம் காட்டும். தைப்பொங்கல் லீவுக்கு வந்து படகுக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான்.

சிநேகிதர் கூட்டமாக வருகிற தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. நீங்கள் வருவதும் சந்தோசம்தான், ஊர் கலகலக்கும். கோணேசர் பாறையின் பிளவான இராவணன் வெட்டில் வேலிக்கு வெளியே ஒற்றைக்காலில் நின்று படம் எடுக்கிறவர்களை அங்கே கச்சான் விற்கிற ஆச்சி ஒருவர் வாயால் வெளுத்து வாங்குவார். அவர் சொல்வதைக் கேளுங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்காதீர்கள். உடைந்த போத்தலை மணலில் விடாதீர்கள், விடிந்தால் அதில் வலை இழுக்கப் போகிறவர்களின் கால்.

வர நினைத்தால் இரண்டு கிழமைக்கு முன் ஒரு செய்தி போடுங்கள். எத்தனை பேர், எந்த வழியால், யாருக்கு மரக்கறி மட்டும், யாருக்குச் சீனி வருத்தம் என்று எழுதினால் போதும். கொப்பியில் நேரம் போடுகிற வேலையை இந்தமுறை எனக்கு விடுங்கள். முதல் வரியாகக் கோட்டை வாசலுக்கு அரை மணித்தியாலம் எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் சிலருக்கு மருமகள், சிலருக்கு அக்கா முறையான
ஒரு திருகோணமலைக்காரி
உப்புவெளி